மார்கழியில் வெந்நீர், சித்திரையில் ஐஸ்: மாறுவது கிணறா, நம் தோலா?

கிணற்றடிக்காரன்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். தோட்டத்துக் கிணற்றில் மார்கழி விடியற்காலை தண்ணீர் இறைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே லேசாக ஆவிகூடப் பறக்கும். அதே தண்ணீரைச் சித்திரை மத்தியானத்தில் ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றினால் உடம்பே சிலிர்த்துப் போகும். குளிர்காலத்தில் பூமி சூட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். மீன்தொட்டிக்கு வாங்கிய தெர்மாமீட்டரை வாளிக்குள் போட்டுப் பார்த்தேன். மார்கழியில் 27 டிகிரி, சித்திரையில் 28. ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். பிறகு எப்படி ஒன்று வெந்நீர், இன்னொன்று ஐஸ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார்:
தம்பி, தெர்மாமீட்டரை நம்புங்கள். ஆழக் கிணற்றின் தண்ணீர் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே பருவம் மாறுவது பூமிக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏறி இறங்குவது வெளிக்காற்றும் உங்கள் கையும்தான்.

உங்கள் உடம்புக்குள் 37 டிகிரி. ஆனால் தோலின் மேற்பரப்பு அப்படி இல்லை, சாதாரண நேரத்தில் 32 முதல் 34 வரை இருக்கும். மார்கழிப் பனியில் நின்று கயிறு இழுக்கும் கையின் தோல் அதைவிடவும் நன்றாக இறங்கிவிடும், விரல் நுனி 25க்குக் கீழேகூடப் போகும். அந்தக் கைக்கு 27 டிகிரித் தண்ணீர் சூட்டைக் கொடுக்கிறது. சித்திரை வெயிலில் தோல் 35, 36 ஆகியிருக்கும்போது அதே தண்ணீர் சூட்டைப் பறிக்கிறது. தோலுக்குத் தெரிவது அதன் சொந்தச் சூடு ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பது. தண்ணீர் எத்தனை டிகிரி என்று அளந்து சொல்ல அதனிடம் கருவி ஏதும் கிடையாது.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர், இன்னொன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். ஓரக் கிண்ணங்களில் ஒன்றுக்கு ஒரு கையாகக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுக் கிண்ணத்தில் விடுங்கள். ஒரு கை சூடு என்னும், மற்றது குளிர் என்னும்.

குறுக்குக்கேள்வி:
கேட்க நன்றாக இருக்கிறது. தோலுக்கு மாற்றம் மட்டும்தான் தெரியும் என்றால், ஏசி ஆபீசில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் இன்னும் குளிர்கிறது? மாற்றம்தான் எப்போதோ நின்றுவிட்டதே?

தவிட்டுக்குருவி:
நல்ல கேள்வி. நான் உடலியங்கியல் முதுகலை படிக்கிறேன், தெரிந்தவரை சொல்கிறேன்.

தோலுக்குள் குளிருக்குத் தனி நரம்பு முனைகள், வெதுவெதுப்புக்குத் தனி முனைகள். 1880களில் ஸ்வீடனின் மக்னஸ் பிலிக்ஸ் கூரான முனையால் தோலைத் தொட்டுத் தொட்டு இதைக் கண்டுபிடித்தார். சில புள்ளிகளில் குளிர் மட்டும் தெரிந்தது, சிலவற்றில் சூடு மட்டும். ஜெர்மனியில் கோல்ட்ஷைடரும் அமெரிக்காவில் டொனால்ட்சனும் அதே காலத்தில் தனித்தனியாக இதையே கண்டார்கள். குளிர்ப் புள்ளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம், தோலின் மேலாகவும் இருக்கின்றன. அவற்றின் நரம்பிழைக்கு மெல்லிய மயலின் உறை உண்டு, செய்தி நொடிக்குப் பத்து இருபது மீட்டர் ஓடும். வெதுவெதுப்பின் இழைக்கு உறை இல்லை, நொடிக்கு ஒரு மீட்டர் தேறினால் பெரிது. ஜில்லென்பது சுரீரென்று உறைப்பதற்கும், கதகதப்பு மெல்லப் பரவுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

குறுக்குக்கேள்வி அண்ணா கேட்டதற்கு வருகிறேன். இந்த முனைகள் சும்மா இருக்கும்போதும் நிதானமாகத் துடித்துக்கொண்டே இருக்கும், சூடு மாறும் கணத்தில் சடசடவென்று பொரியும். தோல் சுமார் 30க்கும் 36க்கும் நடுவில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் எதுவும் தெரியாது. இந்த எல்லைக்குள் நிமிடத்துக்கு அரை டிகிரிக்கும் குறைவாக மெதுவாக மாற்றினால், நாலைந்து டிகிரி நகர்ந்த பிறகும் ஆளுக்கு உணர்வே இருக்காது. அதே உள்ளங்கையில் சட்டென்று மாற்றினால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் தெரியும். ஆனால் 30க்குக் கீழே போனால் எவ்வளவு நேரம் ஆனாலும் முழுதாகப் பழகாது. ஏசியில் உட்கார்ந்திருப்பவரின் விரல்களும் பாதமும் அங்கேதான் போய் நிற்கின்றன.

ஏசி மெக்கானிக்:
இந்த உரையாடலைப் பார்த்ததும் கையிலிருக்கும், தொடாமலே அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூட்டை அளக்கும் லேசர் துப்பாக்கியை எடுத்துச் சோதித்தேன். மொட்டைமாடிக்குக் கீழ் அறை, மத்தியானம் மூன்று மணி. மரமேஜை 31 காட்டுகிறது. அதன்மேல் காலையிலிருந்து கிடக்கும் எவர்சில்வர் டம்ளர் 35 காட்டுகிறது. தொட்டால் டம்ளர்தான் ஜில்! துப்பாக்கி சூடு என்கிறது, கை குளிர் என்கிறது. யாரை நம்புவது?

இயற்பியல் வாத்தியார்:
இந்த விஷயத்தில் துப்பாக்கியை நம்ப வேண்டாம். பளபளப்பான எவர்சில்வர் தன் சொந்த அகச்சிவப்புக் கதிரை மிகக் கொஞ்சமாகத்தான் வெளியிடும், எதிரே உள்ளதை நன்றாகப் பிரதிபலிக்கும். உங்கள் துப்பாக்கி படித்தது டம்ளருக்குள் தெரியும் மொட்டைமாடிக் கூரையின் சூட்டை. டம்ளரில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சற்றுப் பொறுத்து அந்த டேப்பைக் குறிபார்த்துச் சுடுங்கள்.

ஏசி மெக்கானிக்:
டேப் ஒட்டினேன். 31. மேஜையும் 31. சரி சார், ஆனால் இப்போது குழப்பம் ஜாஸ்தியாகிவிட்டது. இரண்டும் 31 என்றால் ஏன் டம்ளர் மட்டும் ஜில்லென்கிறது?

இயற்பியல் வாத்தியார்:
இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் விரல் 33 என்று வைத்துக்கொள்வோம். 31 டிகிரி மரத்தைத் தொட்டதும் விரலிலிருந்து சூடு மரத்துக்குப் போகிறது. மரம் அதை உள்ளே கடத்தாது, தொட்ட இடத்திலேயே தேக்கிக்கொள்ளும். ஆகவே அந்த மேற்பரப்பு மளமளவென்று விரலின் சூட்டுக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு பறிக்க ஒன்றுமில்லை. உலோகத்தில் வந்த சூடு வந்த வேகத்திலேயே உள்ளே ஓடிவிடும், மேற்பரப்பு 31ஐ விட்டு நகராது. விரலின் தோல்தான் இறங்கி வர வேண்டும்.

இரண்டு பொருள்கள் தொடும் கணத்தில் நடுவில் என்ன வெப்பம் வரும் என்பதற்குக் கணக்கு உண்டு. வெப்பத்தைக் கடத்தும் திறன், அடர்த்தி, சூட்டைக் கொள்ளும் திறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். எந்தப் பொருளுக்கு அந்த எண் பெரிதோ, அதன் பக்கம் வெப்பம் சாயும். தோலுக்கு அது ஆயிரத்துச் சொச்சம். தேக்குக்கு நானூறு ஐந்நூறு. கண்ணாடிக்கு ஏறத்தாழ 1500, கருங்கல்லுக்கு 2500க்கு மேல், எவர்சில்வருக்கு 7500 சுமார், அலுமினியத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேல். அலுமினியப் பாத்திரமும் செம்புக் குடமும் தொட்டதும் அப்படிக் குளிர்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

குளிர்காலத்தில் 20 டிகிரி அறையில் போட்டுப் பாருங்கள். எவர்சில்வரைத் தொட்ட விரலின் மேற்பரப்பு கணக்குப்படி 22க்கு அருகே இறங்கும். மரத்தைத் தொட்ட விரல் 29க்குச் சற்று மேலேயே நின்றுவிடும். பொருள்கள் இரண்டும் ஒரே 20. விரலில் வித்தியாசம் ஏழு டிகிரி. தோல் தன்னிடம் நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறது, அதைப் பொருளின் குணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சின்னத் திருத்தம். டம்ளர் மெல்லிய தகடு. கணக்கு கெட்டியான பொருளுக்கு. காலி டம்ளரைச் சுற்றிக் கையை வைத்தால் சில நொடிகளில் அதுவும் கையின் சூட்டுக்கு வந்துவிடும். அம்மிக்கல் அவ்வளவு சீக்கிரம் மசியாது.

குறுக்குக்கேள்வி:
அப்படியானால் அறை 33 டிகிரியாக இருந்தால் டம்ளரும் மேஜையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். 42 டிகிரியாக இருந்தால் டம்ளர் மேஜையைவிடச் சூடாகத் தெரிய வேண்டும். நிழலில், வெயில் படாமல். இது நடக்குமா? நடந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

பாலைவனப் பறவை:
குவைத்திலிருந்து எழுதுகிறேன். ஜூலையில் வந்து பாருங்கள். மூடிய ஷெட், வெயில் ஒரு துளி படாது, உள்ளே 45க்கு மேல். அங்கே கிடக்கும் ஸ்பேனரை வெறுங்கையால் எடுக்க முடியாது, அதன் பக்கத்தில் மரப்பிடி போட்ட சுத்தியல் இருக்கும், அதன் பிடியை எடுப்பதில் பிரச்சினையே இல்லை. வண்டிக்குள் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி எத்தனை பேருக்குத் தழும்பு போட்டிருக்கிறது என்று இங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். துணிப்பட்டை சும்மா இருக்கும்.

இன்னொன்று. அந்தச் சூட்டில் ஃபேன் போட்டால் வேர்வை உலரும்வரைதான் சுகம். உடம்பு காய்ந்துவிட்டால் ஃபேன் சூட்டைத்தான் வாரி இறைக்கிறது.

கிணற்றடிக்காரன்:
கோயில் பிரகாரம் நினைவுக்கு வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாமல் எல்லோரும் குதித்துக் குதித்து ஓடுவார்கள், தேங்காய் நார் விரிப்பு போட்ட இடத்துக்கு வந்ததும் நிதானம் வரும். விரிப்பிலும் அதே வெயில்தானே படுகிறது?

இயற்பியல் வாத்தியார்:
ஆமாம், விரிப்பின் மேல்பரப்பு கல்லைவிட அதிகம் சூடேறினாலும் ஆச்சரியமில்லை. இரண்டும் 55 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் உள்ளங்காலின் தோல் 48க்கு ஏறிவிடும். நாரில் 36ஐத் தாண்டாது. சுமார் 45க்கு மேல் வலிக்க ஆரம்பிக்கும், ஆகவே ஒன்றில் ஓட்டம், ஒன்றில் நிதானம். வெள்ளை பெயிண்ட் அடித்த பாதை வேறு வழி. அங்கே கல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கல்லே சூடு குறைவு.

சமையல்கட்டு:
நான் கல்யாண சமையல் வேலை செய்பவன். நீங்கள் பேசும் கணக்கெல்லாம் எங்களுக்குக் கரித்துணியில் தெரியும். புதுப் பையன்கள் செய்யும் முதல் காரியம், ஈரக் கரித்துணியால் கொதிக்கும் அண்டாவின் காதைப் பிடிப்பது. ஈரம் இருந்தால் சூடு தாங்கும் என்று நினைப்பு. தூக்கி இரண்டு அடி வைப்பதற்குள் உள்ளங்கை வெந்துவிடும். காய்ந்த துணிக்குள் காற்று இருக்கிறது, சூட்டை விடாது. நனைந்த துணியில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர், அது சூட்டை இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். காய்ந்த துணியை நாலாக மடித்துப் பிடி என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இட்லிக் கொப்பரை மூடியைத் திறப்பதும் அப்படி. ரொட்டி சுடும் அடுப்புக்குள் 200 டிகிரிக் காற்றில் ஒரு கணம் கையை விட்டு எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. 100 டிகிரி ஆவி பட்டால் கொப்புளம். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது உள்ளே வைத்திருந்த சூடு மொத்தத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது, ஒரு கிராமுக்கு 540 கலோரி. மூடியை நம் பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கம் தூக்கித் திறப்பது அதனால்தான்.

என் கேள்வி இது. பச்சைமிளகாய் நறுக்கிய கை எரிகிறது. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. வெந்நீரில் கழுவினால் இன்னும் எரிகிறது. இது என்ன கணக்கு?

தவிட்டுக்குருவி:
இது கணக்குக்குள் வராது அண்ணா, நரம்பின் வாசலில் நடக்கும் ஆள்மாறாட்டம்.

சூட்டை உணரும் நரம்பு முனையின் சவ்வில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் அது திறக்கும், அயனிகள் உள்ளே பாயும், ‘சுடுகிறது’ என்ற செய்தி கிளம்பும். மிளகாயின் காப்சைசின் அதே வாசலைச் சூடு இல்லாமலே திறந்துவிடும். டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே காப்சைசினைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய்த்தான். காப்சைசின் பட்டால் வாசல் திறக்கும் வெப்பமும் கீழே இறங்கிவிடுகிறது, உடம்பின் சொந்தச் சூடே போதும் என்றாகிறது. வெந்நீர் பட்டால் கேட்கவே வேண்டாம். காப்சைசின் தண்ணீரில் கரையவும் செய்யாது. கையில் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

குளிருக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு, டி.ஆர்.பி.எம்.8. சுமார் 26 டிகிரிக்குக் கீழே திறக்கும். புதினாவின் மெந்தால் அதைச் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடும். அதனால்தான் பல் துலக்கியவுடன் குடிக்கும் பச்சைத் தண்ணீர் ஐஸ்வாட்டர்போல இறங்குகிறது. தலைவலித் தைலம் தடவினால் நெற்றி குளிர்வதும் இதனால்தான், தெர்மாமீட்டர் வைத்தால் நெற்றியின் சூடு அப்படியே இருக்கும். 2002இல் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 மருத்துவ நோபல் இருவருக்கும் போனது.

பறவைகளின் டி.ஆர்.பி.வி.1 காப்சைசினுக்கு மசியாது. கிளி மிளகாயை ரசித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குறுக்குக்கேள்வி:
சரி, தோலை ஏமாற்ற வேதிப்பொருள் வேண்டியிருக்கிறது. வெறும் சூட்டையும் குளிரையும் வைத்தே ஏமாற்ற முடியுமா?

தவிட்டுக்குருவி:
தாராளமாக. 1896இல் துன்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் செய்தது. வெதுவெதுப்பான கம்பி ஒன்று, குளிர்ந்த கம்பி ஒன்று என மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், 40 டிகிரி, 20 டிகிரி. தனித்தனியாகத் தொட்டால் எதுவும் வலிக்காது. மொத்தமாகக் கையை வைத்தால் பலருக்குச் சுடுகிற மாதிரி வலி வரும், கையை வெடுக்கென்று எடுத்துவிடுவார்கள். காயம் எதுவும் இருக்காது. குளிரின் நரம்புகள் வழக்கமாக வலிப் பாதையை அடக்கி வைத்திருக்கின்றன, நடுவில் வரும் சூடு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம்.

எளிதாகச் செய்ய வேண்டுமானால் வெபர் என்ற ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞரின் சோதனை. ஒரே மாதிரி இரண்டு நாணயம், ஒன்றை ஃப்ரிட்ஜில் வையுங்கள், மற்றதைக் கையில் பொத்திச் சூடாக்குங்கள். கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் நெற்றியில் ஒவ்வொன்றாக வையுங்கள். குளிர்ந்த நாணயம் கனமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக்கில் அவர் இதை வெள்ளி நாணயத்தில் செய்தார்.

செவிலி அக்கா:
நான் வேலூர்ப் பக்கம் செவிலியாக இருக்கிறேன். விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இந்த உணர்வு போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

தொழுநோயில் முதலில் மங்குவது பெரும்பாலும் சூடு, குளிர் உணர்வுதான். வெளுத்த படையின் மேல் வெந்நீர் நிரப்பிய சோதனைக்குழாயையும் குளிர்ந்த நீர் நிரப்பியதையும் மாற்றி மாற்றி வைத்து, எது சூடு என்று கேட்பார்கள். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும், காதுமடல், மூக்கு, விரல்கள். வேலூரில் 1940களின் கடைசியில் கை அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வில்லாத கை சூட்டிலும் கூரிலும் பட்டுப் பட்டுத்தான் கெடுகிறது என்று எடுத்துக் காட்டினார். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தை மறுநாள்தான் கவனித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு அதைவிட அதிகம் பார்ப்பது சர்க்கரை நோய்க்காரர்களின் பாதம். மெல்லிய நரம்பிழைகள் முதலில் போகின்றன. கால் எரிகிறது என்று வெந்நீரில் காலை விடுவார்கள், சூடு தெரியாது, தோல் உரிந்து வருவார்கள்.

கிணற்றடிக்காரன்:
அக்கா, அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. தினமும் ராத்திரி வெந்நீரில் கால் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். போதுமா?

செவிலி அக்கா:
போதாது தம்பி. சோதிக்கிற காலே கெட்டிருக்கலாமே. ஊற வைக்கும் பழக்கத்தையே விடச் சொல்லுங்கள், தோல் ஊறி வெடிப்பு விடுவதற்கும் அதுதான் வழி. கழுவத்தான் வேண்டுமென்றால் உங்கள் முழங்கையால் பாருங்கள், இல்லையென்றால் அந்த மீன்தொட்டித் தெர்மாமீட்டரையே போடுங்கள், 37ஐத் தாண்ட வேண்டாம். கைக்குழந்தையின் குளியல் தண்ணீருக்கும் முழங்கைதான். அடுப்படியில் பழகிய உள்ளங்கை சூட்டுக்கு மரத்திருக்கும், தோலும் தடிப்பு. வெந்நீர்ப் பையும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் கோயிலுக்குப் போனால் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. வருடம் ஒரு முறை பாத உணர்வுச் சோதனை செய்துவிடுங்கள்.

யாராவது கேட்பதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பது பாதிதான் சரி. அம்மா தொட்டு இல்லை என்றால் பெரும்பாலும் இல்லை. இருக்கிறது என்றால் தெர்மாமீட்டர் வையுங்கள். பாத்திரம் கழுவி வந்த ஈரக்கைக்கு எந்த நெற்றியும் சுடும்.

மாடிக்கொடி:
எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், என் பிரச்சினை சின்னது. மழைக்காலத்தில் மாலையில் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டால் ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று சொல்லவே முடிவதில்லை. மடித்து வைத்தால் இரண்டு நாளில் பீரோ முழுக்க நாற்றம்.

தவிட்டுக்குருவி:
நியாயமான குழப்பம்தான் அக்கா. மனிதத் தோலில் ஈரத்தை உணரத் தனியாக ஒரு முனைகூட இல்லை. குளிர்ச்சி, கூடவே தோலில் ஒட்டும் தன்மை, இரண்டையும் சேர்த்து மூளைதான் ‘ஈரம்’ என்று முடிவு செய்கிறது. குளிர்ந்த காய்ந்த துணி பாதி ஈரமாகவே தெரியும். வெதுவெதுப்பான ஈரத்துணி, இஸ்திரி போட்ட உடனே எடுத்தால், காய்ந்ததுபோல ஏமாற்றும்.

தொட்டவுடன் முடிவு செய்யாதீர்கள். துணியின் ஒரு பகுதியைக் கையில் சுருட்டி அரை நிமிடம் பொத்தி வைத்துவிட்டு விரித்துக் கன்னத்தில் வையுங்கள். காய்ந்த துணி கையின் சூட்டுக்கு வந்து கதகதப்பாகிவிடும். ஈரம் இருந்தால் விரித்ததும் ஆவியாகத் தொடங்கி மறுபடி ஜில்லென்றாகும். இடுப்புப்பட்டைத் தையலிலும் பாக்கெட் மடிப்பிலும் பாருங்கள், கடைசியாகக் காய்வது அதுதான்.

குறுக்குக்கேள்வி:
இப்போதே ஒரு ஜீன்ஸைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அரை நிமிடம் போதவில்லை, ஜீன்ஸுக்கு ஒரு நிமிடமாவது வேண்டும்.